தாத்தாவின் சொந்த ஊர் தெரியவில்லை: கையில் உள்ள தாள்களை வைத்து எங்கே தொடங்குவது?

தெம்பனிஸ்_மலர்
சனி, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின் அப்பா எந்த ஊரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்தார் என்று தேடுகிறேன். "தஞ்சாவூர்ப் பக்கம்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கையில் உள்ளவை இவை:

தாத்தாவின் மரணச் சான்றிதழ், 1951. தொழில் என்ற இடத்தில் கூலித் தொழிலாளர் என்று ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் எஸ்.எச்.பி. என்று மூன்று எழுத்து. அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், அதில் தேதி 26-1-2603 என்று இருக்கிறது. அம்மாவின் ஜாதகம்: சித்திரபானு வருஷம், தை மாதம் 12ஆம் தேதி, திங்கட்கிழமை, உதயாதி நாழிகை 48. ஊரிலிருந்து பாட்டிக்கு வந்த இரண்டு நீல ஏரோகிராம்கள், அனுப்பியவர் முகவரி மடிப்பில் கிழிந்து "...க்கோட்டை, மன்னார்குடி வழி, தஞ்சை ஜில்லா" மட்டும் மிச்சம். பெரியம்மா கல்யாணத்தின் மொய் நோட்டு, 1958. சட்டம் போட்ட ஒரு படம், கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது.

2603 என்பது என்ன ஆண்டு? ஜாதகமும் சான்றிதழும் ஒத்துப்போகுமா? கப்பலில் வந்தவர்களின் பெயர்ப் பட்டியல் எங்காவது கிடைக்குமா? பெரியம்மாவுக்கு 86 வயது. தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போகும்போது என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.


பழைய_தாள்
சனி, இரவு 10.25

மலர், முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே விடை.

2603 ஜப்பானிய ஆண்டுக் கணக்கு. 660ஐக் கழித்தால் 1943. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15 முதல் 1945 செப்டம்பர் வரை ஜப்பானியர் கையில் இருந்ததால், அந்தக் காலத் தாள்களில் 2602, 2603, 2604, 2605 வரும். சில தாள்களில் ஷோவா ஆண்டு இருக்கும். ஷோவா 17 என்றால் 1942. ஆக, அம்மாவின் சான்றிதழ் 1943 ஜனவரி 26, செவ்வாய்க்கிழமை.

இனி ஜாதகம். சித்திரபானு வருஷம் 1942 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1943 ஏப்ரல் நடுவில் முடிகிறது. தை 1 அந்த ஆண்டு ஜனவரி 14, தை 12 என்றால் ஜனவரி 25. அன்று திங்கட்கிழமை, ஜாதகமும் திங்கள் என்கிறது. அப்படியானால் சான்றிதழோடு ஒரு நாள் இடிக்கிறதே என்று பதற வேண்டாம், இரண்டுமே சரி. ஜாதகத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்கும். நள்ளிரவுக்குப் பிறகு, விடிவதற்கு முன் பிறந்த குழந்தைக்கு முந்தின நாளின் தேதியும் கிழமையும்தான் எழுதுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாழிகை 24 நிமிடம். 48 நாழிகை என்றால் உதயத்திலிருந்து 19 மணி 12 நிமிடம். ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர்க் கடிகாரம் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டிருந்தது, இன்றைய நேரத்தைவிட ஒரு மணி முன்னால். ஜனவரி கடைசியில் இங்கே உதயம் இன்றைய கணக்கில் 7.15 வாக்கில், அன்றைய கடிகாரத்தில் 8.15. அதோடு 19.12 கூட்டினால் மறுநாள் விடியற்காலை சுமார் மூன்றரை மணி. அது ஜனவரி 26. சான்றிதழும் அதையே சொல்கிறது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு நாள் வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு "இது வேறு குழந்தையின் ஜாதகம்" என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். அதன் தலைப்பில் பெரும்பாலும் தகப்பன், பாட்டன் பெயரும் ஊரும் எழுதியிருக்கும். சோதிடர் எழுதிய முதல் நான்கு வரியைக் கட்டங்களுக்கு முன்னால் படியுங்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதும் நினைவில் இருக்கட்டும். பிரபவ என்றால் 1867 ஆகலாம், 1927 ஆகலாம், 1987 ஆகலாம். தேதியும் கிழமையும் நட்சத்திரமும் ஒரே ஆண்டில்தான் சேர்ந்து பொருந்தும். கிழமை எழுதாத ஜாதகத்தில் நட்சத்திரத்தையும் திதியையும் பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட வேண்டும்.

படத்தைப் பற்றி நாளை எழுதுகிறேன். அதுவரை கண்ணாடியிலிருந்து உரிக்க முயலாதீர்கள்.


செம்பவாங்_ராசு
ஞாயிறு, காலை 7.40

எஸ்.எச்.பி. என்பது சிங்கப்பூர் ஹார்பர் போர்டு. 1913இல் தொடங்கி, 1964இல் துறைமுக ஆணையமாக மாறியது. நம் தமிழ்த் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை பார்த்த இடம். சான்றிதழில் உள்ள முகவரியைப் பாருங்கள். தஞ்சோங் பகார், கெப்பல் பக்கம் என்றால் போர்டு குடியிருப்பாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கப்பல் பட்டியல் விஷயத்தில் ஆசையை வளர்க்க விரும்பவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆள்வாரியாகப் பதிவேடு உண்டு. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா எல்லாம் அதில் இருக்கும். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணி (ஊரிலிருந்து ஆள் சேர்த்துக் கூட்டிவரும் மேற்பார்வையாளர்) முறையிலோ சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தோ வந்தவர்கள். இங்கே ஒப்பந்த முறை 1910இல் முடிந்துவிட்டது. இந்தியர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் என்பதால் 1933இல் வந்த அந்நியர் சட்டம் அவர்களைத் தொடவில்லை. சீனர்களுக்கு உருவான அந்தக் குடிநுழைவுத் தாள்கள் நமக்கு உருவாகவே இல்லை. தேடிக் கிடைக்காததற்கு இதுதான் காரணம், தேடியவரின் குறை அல்ல.

ஆனால் ஆண்டைக் குறுக்கலாம். 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர்கள் மலாயாவுக்குப் போவதைத் தடுத்தது. பெரியம்மா 86 வயது என்றால் 1939, 40இல் பிறந்தவர். அவர் பிறந்தது சிங்கப்பூரில் என்றால் தாத்தா 1938க்கு முன்னால் வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். தஞ்சைப் பக்கத்து ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் வழியாகச் சிங்கப்பூர் வரும். பழைய டிக்கெட் துண்டு, அம்மை குத்திய அட்டை எதுவும் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட வேண்டாம்.

இங்கே முதலில் எடுக்க வேண்டியது பிறப்பு, இறப்புப் பதிவுகளின் நகல். குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் 1872 முதலான பதிவுகள் இருக்கின்றன. தாத்தா பாட்டிக்குப் பிறந்த எல்லாப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவையும் கேளுங்கள், சின்ன வயதில் இறந்துபோன குழந்தைகள் உட்பட. ஒவ்வொன்றிலும் முகவரியும் தகப்பன் தொழிலும் இருக்கும். ஆண்டு வரிசையில் அடுக்கினால் குடும்பம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று தெரிந்துவிடும். யார் வந்து பதிவு செய்தார் என்ற வரியை விட்டுவிடக் கூடாது. 1951 மரணச் சான்றிதழில் தகவல் தந்தவர் பாட்டியாக இல்லாமல் ஓர் ஆணாக இருந்தால், அவர் பெரும்பாலும் பங்காளி அல்லது ஊர்க்காரர். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கலாம்.

தேடல் தோற்பதற்கு முதல் காரணம் எழுத்துக்கூட்டல். காதில் விழுந்ததை எழுத்தர் எழுதினார், அவ்வளவுதான். முத்து என்ற பெயர் எம்-யூ-டி-எச்-யூ என்றும் வரும், பழைய தாளில் எம்-ஓ-ஓ-டி-ஓ-ஓ என்றும் வரும். சாமி என்பதில் நடுவே டபிள்யூ நுழையும். வேலு என்பது வி-ஏ-ஒய்-எல்-ஓ-ஓ ஆகும். பிள்ளை என்பதன் கடைசி எழுத்து ஐ, ஒய் இரண்டிலும் முடியும். காளிமுத்து கே-யிலும் இருப்பார், சி-யிலும் இருப்பார். ஒரு தாளை எடுத்து, உங்கள் தாத்தா பெயருக்கு எத்தனை கூட்டல் சாத்தியம் என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். பத்துக்குக் குறையாது. பிறகு ஒவ்வொன்றாகத் தேடி அடித்துக்கொண்டே வாருங்கள். இன்னொன்று, தந்தை பெயரைக் குடும்பப் பெயராக நினைத்து எழுத்தர் தலைகீழாகப் பதிவு செய்ததும் உண்டு. "இன்னாரின் மகன்" என்பதன் இரு பக்கத்தையும் மாற்றிப் போட்டும் ஒருமுறை தேட வேண்டும்.

கல்யாணப் பதிவைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். மாதர் சாசனம் என்ற சட்டம் 1961இல் வந்த பிறகுதான் இந்துத் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். அதற்கு முந்தைய கல்யாணங்கள் பெரும்பாலும் கோயிலில் அல்லது வீட்டில் நடந்து, பத்திரிகையோடு முடிந்தவை.

தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய இதழ்கள் இருக்கின்றன. சிலவற்றை வீட்டிலிருந்து திறக்க முடியாது, நூலகக் கணினியில்தான் பார்க்கலாம். பூகிஸில் இறங்கி விக்டோரியா ஸ்திரீட் கட்டடத்துக்கு நடந்துவிடலாம். அங்கே சொல் போட்டுத் தேடுவதை மட்டும் நம்ப வேண்டாம். மங்கிய அச்சும், லை, னை, றா போன்றவற்றின் பழைய எழுத்து வடிவமும் கணினியின் வாசிப்பைக் குழப்பும். இறந்த தேதி கையில் இருக்கிறதல்லவா? அந்த நாளிலிருந்து மூன்று வாரம், பிறகு ஓராண்டு முடியும் வாரம், இரண்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். மரண அறிவிப்பிலும் நினைவஞ்சலியிலும் சொந்த ஊர் போடும் வழக்கம் உண்டு.


கமலா_அக்கா
ஞாயிறு, காலை 11.15

மலர், நீங்கள் எழுதிய பட்டியலில் மொய் நோட்டுதான் தங்கம். அதை முதலில் திறங்கள்.

நம் ஆட்கள் மொய் எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம், ஒரே பந்தியில் நான்கு முத்துவும் மூன்று காளிமுத்துவும் உட்கார்ந்திருப்பார்கள். எந்த முத்து என்று தெரிந்தால்தான் அவர் வீட்டுக் கல்யாணத்தில் திருப்பிச் செய்ய முடியும். அதனால் 1958இல் சிங்கப்பூரில் எழுதிய நோட்டிலும் ஊர்ப் பெயர் நிறைய இருக்கும். எல்லா ஊரையும் ஒரு தாளில் எழுதி, எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். மாப்பிள்ளை வீட்டு நோட்டா, பெண் வீட்டு நோட்டா என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பெரியப்பாவின் ஊரைத் தாத்தாவின் ஊர் என்று பிடித்துக்கொள்வோம்.

படிப்பதில் இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். பழைய கையெழுத்தில் தொகை தமிழ் எண்ணில் இருக்கலாம்: ௫ என்றால் 5, ௰ என்றால் 10, ௰௫ என்றால் 15, ௨௰௫ என்றால் 25. பக்கத்தின் தலையில் ௨ போலத் தனியாக நிற்பது பிள்ளையார் சுழி, அதை 2 என்று கூட்டிவிட வேண்டாம். அடுத்தது ௸ என்ற குறி. அது "மேற்படி". பெயருக்குப் பக்கத்தில் ௸ இருந்தால், மேலே எழுதிய அதே ஊர். பத்துப் பதினைந்து பெயர் வரிசையாக ௸ என்று வந்தால், அவர்கள் ஓர் ஊர்க்காரர்கள், சேர்ந்து வந்து மொய் வைத்திருக்கிறார்கள். அதைக் கிறுக்கல் என்று விட்டுவிட்டால் பாதி ஊர் விவரம் போய்விடும். கடிதத்தில் ௵, ௴, ௳ வந்தால் முறையே வருஷம், மாதம், தேதி.

தாய்மாமன் மொய்யைப் பல வீடுகளில் முதலில் எழுதுவார்கள். முதல் இரண்டு மூன்று பெயர் யார் என்று பெரியம்மாவிடம் கேளுங்கள், பாட்டியின் பிறந்தவீடு அங்கே கிடைக்கும்.

பெரியம்மாவைத் தீபாவளியன்று கேட்காதீர்கள். வீடு நிறைய ஆள், தொலைக்காட்சி ஓடும், முறுக்குத் தட்டு வந்துகொண்டே இருக்கும். முந்தின வாரமோ அடுத்த வாரமோ, மதியத் தூக்கம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்துக்குப் போங்கள். ஒரு தடவைக்கு 40 நிமிடம் போதும். மூன்று தடவை போவது ஒரு நாள் முழுக்க உட்காருவதைவிட நல்லது, நடுவில் அவருக்கே நினைவு கிளம்பி வரும். பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள், அழைப்பு வந்தால் பதிவு அறுந்துவிடும். மேசைமேல் ஒரு துண்டை மடித்து அதன்மேல் வையுங்கள், அவருக்கும் கைபேசிக்கும் ஒரு முழம் இடைவெளி. காற்றாடியின் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் "யாருக்குத் தெரியும்" என்றுதான் பதில் வரும். "ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னாலா பின்னாலா? வாழைமர நோட்டு இருந்தப்பவா? புக்கிட் ஹோ ஸ்வீ தீப்பிடிச்சப்ப எங்க குடியிருந்தீங்க?" என்று கேளுங்கள். வாழைமர நோட்டு ஜப்பான்காரன் காலத்துப் பணம், அந்தத் தீ 1961 மே மாதம், இவற்றை வைத்து மற்றவற்றைக் கட்டலாம். ஊர்ப் பெயர் நினைவில்லை என்றாலும் "எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்னு பாட்டி சொல்வாங்க? சந்தைக்கு எங்க போவாங்க? பக்கத்துல ஆறா, ஏரியா? குலசாமி பேரு என்ன?" என்று கேட்டால் ஊரைச் சுற்றி வளைத்துவிடலாம்.

உறவுமுறையில் ரொம்பக் கவனம். நாம் பெரியப்பா மகனையும் அண்ணன் என்கிறோம், கூடப்பிறந்தவரையும் அண்ணன் என்கிறோம், ஒரே லைனில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) குடியிருந்தவரையும் அண்ணன் என்கிறோம். "கூடப் பிறந்தவரா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும். அதைவிட உறுதியான கேள்வி, "அவர் தவறினப்ப நமக்குத் தீட்டு உண்டா?" தீட்டு உண்டென்றால் பங்காளி. காது குத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவர் யார் என்று கேட்டால் தாய்மாமன். வாய்க்கு வந்த முறையைவிட, சடங்கில் யார் எங்கே நின்றார் என்பது தப்பாது.

கேட்கக் கூடாத நேரமும் உண்டு. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போனவர்கள் பேச்சு வந்து பெரியம்மா அமைதியானால் அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தப் பாதையில் இறந்த நம் தொழிலாளர்களுக்கு, போர்க் கைதிகளுக்கு இருப்பதைப் போன்ற கல்லறைப் பெயர்ப் பட்டியல் இல்லை. அவர் வாயிலிருந்து வரும் ஒரு பெயரே பதிவு. அது அவராகச் சொல்லும்போது வரட்டும்.


தெம்பனிஸ்_மலர்
ஞாயிறு, மாலை 6.50

எல்லாருக்கும் மிக்க நன்றி. மரணச் சான்றிதழில் தகவல் தந்தவர் ஓர் ஆண்தான், அதே ஹார்பர் போர்டு முகவரி. கமலா அக்கா சொன்னபடி மொய் நோட்டை எண்ணினேன். பெண் வீட்டு நோட்டு. உள்ளிக்கோட்டை 11 முறை, ௸ குறிகளையும் சேர்த்து. பரவாக்கோட்டை 4, திருமக்கோட்டை 2. தகவல் தந்தவரின் பெயரும் உள்ளிக்கோட்டை வரிசையில் இருக்கிறது.

இணையத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ளிக்கோட்டையைத் தேடினால் நிலப் பதிவுத் தளத்தில் வரவில்லை. அடுத்து என்ன செய்வது? ஊருக்குப் போவதற்கு முன் இங்கிருந்தே எவ்வளவு பார்க்கலாம்?


நான்கெல்லை
ஞாயிறு, இரவு 9.30

வராது. மன்னார்குடி இப்போது திருவாரூர் மாவட்டம். பழைய தஞ்சை ஜில்லா பல துண்டாகிவிட்டது: 1974இல் அறந்தாங்கிப் பக்கம் புதுக்கோட்டைக்குப் போனது, 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. கடிதத்தில் "தஞ்சை ஜில்லா" என்று இருந்தாலும் தளத்தில் திருவாரூர், மன்னார்குடி வட்டம் என்று தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இராமநாதபுரத்திலிருந்து சிவகங்கையும் விருதுநகரும் 1985இல் பிரிந்தன. தென்னார்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் ஆனது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி 1986இல், தென்காசி 2019இல். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம், அதனால் அதன் பழைய தாள்கள் சென்னை மாகாணத் தாள்களோடு கலந்திருக்காது.

நீங்கள் சொன்ன மூன்று "கோட்டை"யும் மன்னார்குடிப் பக்கம்தான், ஆகவே எண்ணிக்கை மட்டும் போதாது. ஏரோகிராமைத் திருப்பி, தபால் முத்திரையைப் பாருங்கள். வட்ட முத்திரையின் விளிம்பில் அஞ்சலகப் பெயர் இருக்கும். மங்கலாக இருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி மாறுபாட்டைக் கூட்டுங்கள். "வழி" என்றால் கடிதம் எந்தப் பெரிய அஞ்சலகம் வழியாகப் பிரிந்து போகும் என்பது, ஊர் அதன் பக்கத்திலேயே ஒட்டி இருக்க வேண்டும் என்பதில்லை. பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. கடிதத்தில் 614 என்று தொடங்கும் ஆறு இலக்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது.

நிலப் பதிவுத் தளத்தில் பட்டா எண்ணோ புல எண்ணோ இருந்தால் தேடுவது எளிது. இரண்டும் பத்திரத்தில் இருக்கும். ஆகவே வீட்டில் இந்தியக் கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், அதிகாரப் பத்திரம், வரி ரசீது எதுவும் இருக்கிறதா என்று அலமாரியின் அடித்தட்டு வரை பாருங்கள். முத்திரைத் தாளின் பின்பக்கம் பதிவு எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றும் இருக்கும். பத்திரத்தில் பலர் தொகையையும் தேதியையும் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். குடும்பத் தேடலுக்குத் தேவையானது கடைசியில் வரும் சொத்து விவரம். "இதற்குச் செக்குபந்தி: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்னார் நிலத்துக்குத் தெற்கு" என்று நான்கு எல்லையும் சொல்லியிருப்பார்கள். பாகம் பிரித்த நிலத்தில் எல்லைக்காரர்கள் பெரும்பாலும் பங்காளிகள். ஒரே பத்திரத்தில் பாட்டனார் பெயரும் மூன்று பங்காளி பெயரும் கிடைப்பது அபூர்வமல்ல.

பத்திரமே இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் கைமுறைத் தேடல். இணையத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பல அலுவலகங்களுக்கு 1975 முதல்தான். உங்கள் தாத்தா காலம் அதற்கு முன். அலுவலகத்தில் இரண்டு வகை அட்டவணை உண்டு: ஒன்று பெயர்வாரி, இன்னொன்று சொத்துவாரி. பெயர்வாரி அட்டவணையை ஆண்டு ஆண்டாகப் பார்க்கக் கேட்டு மனுக் கொடுக்க வேண்டும். வரம்பை ஐந்து அல்லது பத்து ஆண்டாகக் குறுக்கினால்தான் வேலை நடக்கும். பிறப்புப் பதிவைக் கேட்டால் ஒன்றை மறக்காதீர்கள்: அந்தக் காலப் பதிவில் குழந்தைக்குப் பெயர் இராது. "ஆண்" என்று மட்டும் போட்டுத் தகப்பன் பெயர் எழுதியிருப்பார்கள். தாத்தாவின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னால் "இல்லை" என்றுதான் வரும், கொள்ளுத்தாத்தா பெயரைச் சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போவது பற்றி. பரம்பரைக் கர்ணமும் (ஊர்க் கணக்கர்) மணியக்காரரும் (ஊர்த் தலைவர்) 1980இல் நீக்கப்பட்டார்கள். இப்போதைய கிராம நிர்வாக அலுவலர் மாற்றலில் வருபவர், குடும்பங்களின் பழங்கதை அவருக்குத் தெரியாது. குலதெய்வக் கோயிலின் கணக்குப் பிள்ளையைப் பாருங்கள். தலைக்கட்டு வரி வாங்கும் கோயில் என்றால், கல்யாணமான ஒவ்வோர் ஆண் பெயரிலும் வரி எழுதிய நோட்டு இருக்கும். சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியவர் பெயர் அதில் தனியாகவே நிற்கும். கோயிலுக்கு எல்லாரும் கூடும் நாள் ஊருக்கு ஊர் மாறும். பல குடும்பங்களுக்கு மாசிச் சிவராத்திரி, தெற்கே சாஸ்தா கோயில்களுக்குப் பங்குனி உத்திரம். அந்த நாளில் போனால் பத்து வீட்டுப் பெரியவர்களை ஒரே மரத்தடியில் பார்க்கலாம்.

போனதும் நிலத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். இத்தனை ஆண்டு கழித்து வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து புல எண் கேட்டால், பாகம் கேட்க வந்திருக்கிறார் என்றே அவர்களுக்குத் தோன்றும். அது நியாயமான பயம், அவர்கள் உழுது பிழைக்கும் மண். படத்தையும் மொய் நோட்டின் நகலையும் கொண்டுபோய், பெயர்களைக் காட்டி, யார் யார் என்று கேட்டாலே அவர்களே உட்கார வைத்துச் சொல்வார்கள்.


கடையநல்லூர்_பேரன்
திங்கள், காலை 8.05

இதைப் படிக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்காகச் சிறு சேர்க்கை. நம் திருமணங்களுக்கு 1880ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே பதிவு முறை உண்டு, ஆகவே ராசு அண்ணன் சொன்னது நமக்குப் பொருந்தாது. நிக்காஹ் பதிவைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊரில் ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தரில் (திருமணப் பதிவேட்டில்) மணமக்களோடு தகப்பன், வலி (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள் பெயரும் இருக்கும். ஹிஜ்ரி தேதியை மாற்றும்போது ஆண்டு எண்ணை மட்டும் கழிக்காதீர்கள். அது சுமார் 354 நாள் ஆண்டு, 33 ஆண்டில் ஓர் ஆண்டு நழுவிவிடும்.

பிடாடாரியில் அடக்கமானவர்களைத் தேடுகிறவர்களுக்கு: அந்த இடுகாடு 1972இல் மூடப்பட்டு, 2001 முதல் 2006 வரை தோண்டி எடுக்கப்பட்டது. முஸ்லிம் எச்சங்கள் சுவா சூ காங்கில் மறு அடக்கம் செய்யப்பட்டன. பழைய கல்லறை எண்ணை வைத்துப் புதிய இடத்தில் தேட முடியாது. பெயரையும் இறந்த தேதியையும் கொண்டு தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் கேளுங்கள். மலர் அக்காவின் தாத்தாவுக்கும் இது பயன்படலாம். 1951இல் இந்துக்களிலும் பலரை அடக்கம்தான் செய்தார்கள், பிடாடாரியில் இந்துக்களுக்கும் ஒரு பகுதி இருந்தது.


பழைய_தாள்
திங்கள், இரவு 10.00

படம். கண்ணாடியோடு ஒட்டியிருப்பது படத்தின் மேல்பூச்சான ஜெலட்டின். நம் ஊர் ஈரப்பதத்தில் அது இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போகும், தாள் கையில் நிற்கும். நீராவி காட்டுவது, தண்ணீரில் ஊறப்போடுவது எதுவும் வேண்டாம். சட்டத்தின் பின்பலகையை மட்டும் கழற்றுங்கள், ஸ்டூடியோ முத்திரையோ கையெழுத்தோ பின்னால் இருக்கலாம். பிறகு கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள், 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவுப் படம் என்றால் 1200. கண்ணாடியால் படம் தெளிவில்லாமல் வந்தால் கேமராவில் எடுக்கலாம்: படத்தைத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவைச் சுற்றிக் கறுப்புத் துணி, அப்போது பிரதிபலிப்பு விழாது. மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்து, வாட்ஸ்அப்பில் அனுப்ப ஜேபெக் நகல் ஒன்று. கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்குங்கள்: 1951_மரணச்சான்று_முன், 1951_மரணச்சான்று_பின். எல்லாத் தாளுக்கும் பின்பக்கத்தையும் எடுங்கள், வெறுமையாக இருந்தாலும்.

கிழிந்த ஏரோகிராமை செல்லோடேப் போட்டு ஒட்ட வேண்டாம். சில ஆண்டில் அந்தப் பசை பழுத்து, மை கரைந்து, மிச்சமுள்ள எழுத்தும் போகும். லேமினேட்டும் கூடாது. அமிலமில்லாத உறையில் தட்டையாக வைத்து, மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று தெரியும். கேமரா வைக்கும் உலர் அலமாரி இருந்தால் இன்னும் நல்லது, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் இருக்கட்டும். மொய் நோட்டின் துருப்பிடித்த ஊசிகளை இழுக்காமல், முதலில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

குடும்ப மரத்தைக் கணினியில் போடும்போது அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் வந்தால் ஒரே ஆள் இரண்டு இடத்தில் தோன்றுவார். பலர் அவரைப் புதிதாக இன்னொரு முறை சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல் ஏற்கெனவே உள்ள ஆளோடு இணைக்க வேண்டும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயரில் மூன்று தலைமுறை வரும், ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டையோ ஓர் எண்ணையோ பெயரோடு சேர்த்துவிடுங்கள். உறவினர்களுக்குப் பகிர்வதற்கு முன் உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் மறைத்துவிட வேண்டும்.


கமலா_அக்கா
திங்கள், இரவு 10.35

மலர், தகவல் தந்தவர் பெயர் உள்ளிக்கோட்டை வரிசையில் இருக்கிறது என்றீர்களே, அவர் எவ்வளவு மொய் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். மற்றவர்கள் 2 வெள்ளி, 5 வெள்ளி வைத்த இடத்தில் அவர் 25 வைத்திருந்தால் வெறும் ஊர்க்காரர் இல்லை. பெரியம்மாவிடம் கேட்கும் முதல் பெயர் அவருடையதாக இருக்கட்டும்: "இவர் தவறினப்ப நம்ம வீட்டுல தீட்டுக் காத்தாங்களா?"